சாட்சி பம்மலில் இருக்கிறார்

கிங் வில்லியம்ஸ் டவுன்,
தென்னாப்பிரிக்கா
9 மார்ச் 2003

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாமி சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? போனில் கூப்பிட்டால் நீங்கள் ‘ஆங்? ஆங்?’ என்று கேட்பதற்கே கார்டு தீர்ந்து போகிறது. தோல் ஊறவைக்கும் டிரம் சத்தத்தில் காதைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இனிமேல் கடிதம்தான்.

வேலை பரவாயில்லை. கார் சீட்டுக்குத் தோல் பதனிட்டு அனுப்புகிற கம்பெனி. உங்கள் வாயில் திட்டு வாங்கிக் கற்றதுதான் இங்கே சோறு போடுகிறது. கம்பெனி இருப்பது டிம்பாஸா என்ற ஊரில். முன்பு இந்தப் பக்கமெல்லாம் சிஸ்கை என்று தனி நாடாம். வெள்ளைக்கார அரசாங்கம் கறுப்பு ஜனங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கிவிட்டு, இனிமேல் இதுதான் உங்கள் நாடு, அந்தப் பக்கம் நீங்கள் அந்நியர் என்று சொல்லிவிட்டதாம். கொடி, பாஸ்போர்ட், ஜனாதிபதி எல்லாம் தனி. தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகத்தில் ஒருவரும் அதை நாடு என்று ஒப்புக்கொள்ளவில்லை. தொண்ணூற்று நான்கில் அது இல்லாமலே போய்விட்டது.

ஒரு வேடிக்கை. கம்பெனி வாசலில் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவர், நான் மெட்ராஸ் என்றதும் “பம்மலா?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பம்மல் அயூப்பைத் தெரியுமா என்றார். என் மாமா பெயரும் அயூப்தான், ஆனால் அவர் போட்ஸ்வானாவில் அல்லவா இருந்தார் என்றேன். பெரியவர் மறுபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். இங்கே வந்த அந்த அயூப் யார், உங்களுக்குத் தெரியுமா?

மாமிக்கு ஸலாம் சொல்லுங்கள்.

தங்கள் மருமகன்,
அக்தர்

*

பம்மல்
2 ஏப்ரல் 2003

அன்பு மருமகன் அக்தருக்கு மாமா எழுதுவது.

வ அலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். தண்ணீர்தான் இல்லை. லாரி வந்தால் குடத்தோடு ஓடுகிற ஓட்டத்தில் உன் மாமிக்குச் சர்க்கரை தானாக இறங்கிவிடுகிறது. மூட்டுவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது.

சீட்டுத் தோல் என்கிறாய். மேல்பூச்சு அடிக்கும் முன் தோல் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார். மெஷின் சொல்வதை நம்பாதே. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு லீவு கொடுக்கிறார்களா என்று எழுது.

பம்மலில் தடுக்கி விழுந்தால் ஒரு அயூப் மேல்தான் விழ வேண்டும். அதில் எவன் எங்கே போனான் என்று நான் என்ன கணக்கா வைத்திருக்கிறேன்? நான் போட்ஸ்வானாவை விட்டு எங்கும் போகவில்லை. வேலைக்குப் போன இடத்தில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களோடு என்ன பேச்சு? போனோமா வந்தோமா என்று இரு.

துஆவுடன்,
அயூப்

அந்தப் பெரியவர் பெயர் என்ன? சும்மாதான் கேட்கிறேன்.

*

கிங் வில்லியம்ஸ் டவுன்
28 ஏப்ரல் 2003

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் விடுகிறார்கள்.

அவர் பெயர் வுயிசிலே. அறுபது வயது இருக்கும். ஊரில் அவரோடு யாரும் பேசுவதில்லை. செருப்பு கொடுக்கிறவர்கள் கூட வெளியூர் லாரி டிரைவர்கள்தான். எண்பத்தைந்தில் இங்கே இருந்த ஒரு தோல் தொழிற்சாலையிலிருந்து நான்கு பேரைப் போலீஸ் கொண்டு போனதாம். மூன்று பேர் ஒரு வருஷம் கழித்து வந்தார்கள். ஒருவர் வரவே இல்லை. பெயர் முகொலிசி. தமிழில் இப்படித்தான் எழுத வருகிறது. நடுவில் நாக்கைக் கன்னத்தோடு சேர்த்து ஒரு சொடக்குப் போட வேண்டும், எனக்கு வரவில்லை. காட்டிக் கொடுத்தது வுயிசிலேதான் என்று ஊர் முடிவு கட்டி அவர் வீட்டைக் கொளுத்திவிட்டதாம். முகொலிசியின் மனைவி நோசிபோ இன்னும் இங்கேதான் இருக்கிறார்.

வுயிசிலே நேற்று ஒரு போட்டோ காட்டினார். டிரம் முன்னால் அவரும் இன்னொருவரும் நிற்கிறார்கள். பின்னால் 1985 என்று எழுதியிருக்கிறது. இன்னொருவர் நீங்கள், மாமா. மீசை வைத்திருக்கிறீர்கள்.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் கேட்காமல் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

தங்கள்,
அக்தர்

*

அனகாபுத்தூர்
8 ஜூன் 2003

என் கண்ணு அக்தருக்கு அம்மா பஷீரா எழுதறது. ஸலாம். நல்லாக்கீறியா? குளிருன்னு சொன்னியே, ஸ்வெட்டர் வாங்கினியா?

இங்க எல்லாம் நல்லாத்தான் கீது. ஒரு நல்ல சேதி. ஹஜ்ஜுக்குக் குலுக்கல்ல உங்க மாமா பேரும் மாமி பேரும் வந்துக்கீது. ஜனவரில போவணும். முன்னாடி ரெண்டு தபா பேர் வந்து, முட்டிவலின்னு சொல்லி வோணாம்னு எழுதிக் குடுத்தாரே, இந்தத் தபா மாமி விடறதா இல்ல. இப்பவே பையத் தெச்சிக்கினு கீறாங்க.

ஆனா அண்ணன் மூஞ்சில ஒரு களையும் இல்லடா. உன் லெட்டர் வந்ததுலேர்ந்து பேனாவப் புடிச்சிக்கினு குந்திக்கினே கீறாராம். எழுதறது, கிழிக்கிறது. இன்னா எழுதினே நீ? வயசானவர பேஜார் பண்ணாதே. உங்கப்பா போனப்புறம் நம்மள பாத்துக்கினது அவருதான். அவரு போட்ஸ்வானா போயி ஒழச்சதுலதான் இந்த வூடு நிக்கிது. அத மறந்துடாதே.

ஒழுங்கா சாப்பிடு.

அம்மா

*

பம்மல்
20 ஜூன் 2003

அன்பு மருமகனுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம்.

போட்டோவில் இருப்பது நான்தான்.

எண்பத்து நான்கில் இங்கே தோல் தொழில் படுத்துவிட்டது. பெரியமேட்டு ஏஜெண்ட் ஒருவன், ஆப்பிரிக்காவில் சூப்பர்வைசர் வேலை என்றான். என் பாஸ்போர்ட்டில் ‘தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாது’ என்று அச்சடித்திருந்தது. அந்த அநியாயக்கார அரசாங்கத்தோடு அப்போது நம் நாட்டுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏஜெண்ட் சிரித்தான். ‘பாய், அது தென்னாப்பிரிக்கா இல்ல, சிஸ்கை. வேற நாடு’ என்றான். போட்ஸ்வானாவில் இறங்கி, ஒரு தனித்தாளில் முத்திரை வாங்கி, பஸ்ஸில் போனேன். உலகமே நாடு இல்லை என்று சொன்ன ஒன்றை நாடு என்று நம்பியது அந்த ஜனாதிபதியும் நானும்தான். நம்பினால் எனக்குச் சம்பளம், அதனால் நம்பினேன். வீட்டில் போட்ஸ்வானா என்று சொல்லிவிட்டேன்.

அங்கே சங்கம் வைக்கத் தடை. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் ஓடி வந்தார்கள். கூலி ஒன்றுமில்லை, சுண்ணாம்பில் கை வெந்தாலும் கையுறை கிடையாது. தனி நாடு என்று கொடி ஏற்றிய அன்றைக்கே கம்பம் சாய்ந்துவிட்டது என்று தொழிலாளர்கள் எனக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். வுயிசிலே எனக்கு மொழிபெயர்ப்பாளர். நல்ல மனிதர்.

பம்மலில் நாம் செய்வோமே, தோலில் ஒட்டிய சதையைக் கத்தியால் வழித்தவன் அதன் வால் ஓரத்தில் தன் அடையாள வெட்டைப் போடுவது? எந்தத் தோலை யார் கெடுத்தான் என்று தெரியும். அந்த ஏற்பாட்டை அங்கே கொண்டு வந்தது நான். யாருக்கு எந்த வெட்டு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எண்பத்தைந்து ஜூலையில் கையுறை கேட்டவனை முதலாளி வேலையை விட்டு நீக்கினார். மறுநாளிலிருந்து நல்ல நல்ல தோல்களில் குறுக்கே கத்தி விழுந்தது. வேண்டுமென்றே செய்தார்கள். போலீஸ் வந்து என் மேசை டிராயரிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு போனது. நான் என்ன செய்ய முடியும்?

அக்தர், ஹஜ்ஜுக்குப் போகிறவன் மனிதர்களுக்குச் செய்த தீங்கை மனிதர்களிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதை அல்லாஹ் கூட அவர்களைக் கேட்காமல் மன்னிப்பதில்லை. முன்னால் இரண்டு முறை நான் போகாததற்கு முட்டி காரணமில்லை. நீ வுயிசிலேயிடமும் அந்த நோசிபோ அம்மாவிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. மன்னித்தோம் என்று ஒரு வார்த்தை வாங்கி அனுப்பு. போதும்.

அயூப்

*

கிங் வில்லியம்ஸ் டவுன்
25 ஜூலை 2003

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே பனி. அம்மா கேட்டால் ஸ்வெட்டர் வாங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

நான் உங்கள் மருமகன் என்று வுயிசிலேயிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தைத் தன்னிடம் தனியாகப் படிக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோர் முன்னாலும் படி என்றார். அன்றைக்குக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு சர்ச்சுக்கு வருகிறாராம். அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

நான் ஆங்கிலத்தில் படிக்க, பாதிரியார் அவர்கள் மொழியில் சொன்னார். போலீஸ் டிராயரிலிருந்து நோட்டை எடுத்தது என்ற இடம் வந்ததும் வுயிசிலே எழுந்து வெளியே போய்விட்டார். படித்து முடித்ததும் ஜனங்கள் தலையாட்டினார்கள். எதற்கு என்று பாதிரியாரைக் கேட்டேன். அன்றைக்கு ஆபீஸ் அறைக்கு வெளியே வேலை செய்தவர்கள், நான்கு பெயர்களையும் வுயிசிலே குரலில் கேட்டார்களாம். இத்தனை வருஷம் ஒரு சந்தேகம் இருந்தது, அவருக்கு அந்த வெட்டுகள் எப்படித் தெரியும் என்று. இப்போது தீர்ந்துவிட்டது என்றார்கள். போலீஸ் நோட்டை எடுத்தது, வுயிசிலே படித்துக் காட்டினார் என்பது அவர்கள் கணக்கு.

அவரைத் தேடிப் போனேன். “நானும்தான் சொன்னேன், இல்லன்னு சொல்லல. ஆனா நோட்டு டிராயர்ல இல்ல” என்று மட்டும் சொன்னார். இந்த வாரம் அவர் வாசலுக்கே வரவில்லை.

நோட்டை எடுத்தது யார் மாமா? என் வாயால் படித்திருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டும்.

அக்தர்

*

பம்மல்
19 ஆகஸ்ட் 2003

அக்தருக்கு,

ஸலாம். சுகம்.

நான் எழுதியதுதான் எழுதினேன். எழுதியதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை. நீ பிழைக்கப் போனவன். சர்ச்சிலும் சந்தியிலும் நின்று ஊர் வழக்கைத் தீர்க்க உன்னை யாரும் அனுப்பவில்லை.

மாமி ஸலாம் சொன்னாள்.

அயூப்

*

கிங் வில்லியம்ஸ் டவுன்
30 அக்டோபர் 2003

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலான் முபாரக். இங்கே நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் கிடைக்கிறது, கஞ்சிதான் இல்லை. நானே வைத்துப் பார்த்தேன், அடி பிடித்துவிட்டது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் கேட்பதில்லை என்று இருந்தேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்று ஏழில் இந்த நாட்டில் கமிஷன் வைத்துப் பழைய கொடுமைகளையெல்லாம் எழுதி வாங்கினார்கள். வுயிசிலே போய் நடந்ததைச் சொன்னாராம். அதை உறுதிப்படுத்த வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்கள். சாட்சி பம்மலில் இருக்கிறார் என்று சொன்னாராம். அது எந்த நாட்டில் என்று கேட்டார்கள், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் இன்னும் வாசலுக்கு வருவதில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய் என் நல்ல ஷூவைத் தைக்கக் கொடுத்தேன். தையல் பிரிந்திருக்கவில்லை. அவருக்கும் அது தெரியும்.

அக்தர்

*

பம்மல்
12 டிசம்பர் 2003

அக்தருக்கு மாமா எழுதுவது.

ஸலாம். உடம்புக்கு ஒன்றும் கேடில்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்கிற வழக்கம் உனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை நானும் உன் மாமியும் கிளம்பினோம். என்னோடு டிரம் ஓட்டின பூவராகன் வீட்டுக்கும் போனோம். “நீ இன்னா தப்பு பண்ணிட்ட பாய், அங்க போயி எங்களுக்கும் சேத்து வேண்டிக்கினு வா” என்று காபி கொடுத்தார். எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். யாருக்கு நான் ஒன்றும் செய்யவில்லையோ அவர்களெல்லாம் என்னை மன்னித்தார்கள்.

கடைசியாக உன் அம்மா வீடு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஈ எறும்புக்குக் கூட எங்க அண்ணன் கெட்டது நெனச்சதில்ல என்று அழுதாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “பஷீரா, போட்ஸ்வானாவுல நான் இருந்தது ரெண்டே நாளு” என்று ஆரம்பித்தேன். மாமியும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களிடம் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். இதை அங்கே அப்படியே படி. ஒரு எழுத்தையும் எனக்காக மாற்றாதே.

நோட்டை யாரும் எடுக்கவில்லை. முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். நான் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேகவேகமாகப் போனேன். சந்தோஷமாகப் போனேன். என் ஏற்பாடு பலித்துவிட்டது என்ற பெருமை எனக்கு. அறைக்குள் போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததும் திரும்பியிருக்கலாம். நான் தோலை மேசையில் விரித்து, வால் பக்கத்து வெட்டைத் தொட்டுக் காட்டி, இது இன்னார், இது இன்னார் என்று படித்தேன். பம்மலில் அரை நாள் கூலி பிடிப்பார்கள், அங்கேயும் அவ்வளவுதான் செய்வார்கள் என்று நினைத்தேன். இல்லை, இதையும் சரியாக எழுதுகிறேன்: அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. கூலி பிடிக்க எதற்குத் துப்பாக்கி?

என் வாயில் அந்தப் பெயர்கள் சரியாக வரவில்லை. போலீஸ்காரர்களுக்குப் புரியவில்லை. வுயிசிலேயைப் பார்த்து, நீ சொல் என்றார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவர் தோளில் இடித்தான். அப்போதும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று ஒரு தலையசைப்புச் செய்திருந்தால் போதும். “சொல்லிவிடு வுயிசிலே, டிரம் ஓடிக்கொண்டிருக்கிறது” என்றேன். டிரம்மில் இருந்த தோல் அதிகம் ஊறிவிடுமே என்ற கவலை எனக்கு. அவர் சொன்னார். அந்த அறைக்கும் வேலை நடக்கிற இடத்துக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. வெளியே எல்லோர் காதிலும் விழுந்தது அவர் குரல்தான்.

அவர் வீடு எரிந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். எதற்காக எரிகிறது என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் என் அறைக்கு வருவார்கள் என்று பயந்தேன். அடுத்த வாரம் பஸ் ஏறிவிட்டேன். உன்னிடம் கூட டிராயர் என்று எழுதினேன். இந்த வயதில் உன் கண்ணில் சின்னவனாகிவிடக் கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்பும் அவர் தலையில் போய் விடிந்தது.

ஹஜ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் இல்லாமல் மாமியும் போக முடியாது. பையில் அடுக்கியதையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். சாப்பாடு வைக்கிறாள், பேசுவதில்லை. உன் அம்மா இந்தப் பக்கம் வரவில்லை.

படித்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று எழுது. மன்னித்தார்களென்றால் அடுத்த வருஷம் மாமியைக் கூட்டிக்கொண்டு போவேன்.

அயூப்

*

கிங் வில்லியம்ஸ் டவுன்
18 ஜனவரி 2004

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். மாமிக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை படித்தேன். வுயிசிலேயைக் கூப்பிட்டேன், சர்ச்சுக்கு இன்னொரு தடவை வரமாட்டேன் என்றுவிட்டார். அவர் இல்லாமல்தான் படித்தேன். நீங்கள் சொன்னபடி ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. டிரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற இடத்தில் பாதிரியார் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு, அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முடித்ததும் யாரும் தலையாட்டவில்லை. முகொலிசியின் மனைவி நோசிபோ எழுந்து வெளியே நடந்தார். எங்கே போகிறார் என்று தெரியாமல் ஒவ்வொருவராகப் பின்னால் போனோம். வுயிசிலே வீடு ஊர்க்கோடியில் இருக்கிறது. நாற்பது ஐம்பது பேர் வருவதை அவர் தூரத்திலேயே பார்த்துவிட்டார். உள்ளே போய்த் தன் தையல் பெட்டியையும் நாற்காலியையும் தூக்கி வந்து தெருவில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். எனக்கு முதலில் புரியவில்லை. கொளுத்த வருகிறோம் என்று நினைத்திருக்கிறார், மாமா. இந்தத் தடவை அந்த இரண்டையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார்.

நோசிபோ அவர் முன்னால் நின்று, “தண்ணி குடு, நடந்து வந்தது மூச்சு வாங்குது” என்றார். அவர் கொண்டு வந்து கொடுத்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்து நோசிபோ குடித்தார். பதினெட்டு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இந்த வாசலைக் கடந்தேன் என்று அவரிடம் சொன்னார். பிறகு இரண்டு பேரும் அவர்கள் மொழியில் வெகுநேரம் பேசினார்கள். நடுவில் முகொலிசியின் பெயர் வந்தது. நான் கேட்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

கிளம்பும்போது நோசிபோ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “உங்க மாமா உயிரோடதான் இருக்காரா?” இருக்கிறார் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மன்னித்தார்களா என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். அதை நான் அவர்களிடம் கேட்கவில்லை, மாமா. வாய் வரைக்கும் வந்தது. கேட்டால், தூக்கி வைத்த பெட்டியை வுயிசிலே உள்ளே கொண்டுபோவதற்குள் மறுபடி உங்கள் காரியத்துக்கு அவரைக் கூப்பிட்டது போல ஆகியிருக்கும். இனிமேலும் நான் கேட்பதாக இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மருமகன்,
அக்தர்